நிலம் உங்க பேர்ல, கடைச் சாவி யார் கையில?

போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் தெருவில் இருக்கும் நண்பர் ஒருவர் மகனையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். கையில் பிரின்ட் எடுத்த ஒரு காகிதக் கட்டு. "அண்ணே, நீங்க ஆபீஸ்ல கான்ட்ராக்ட் எல்லாம் பார்க்கிறவர்தானே, இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க" என்றார்.

பையன் யூனிவர்சிட்டியில் கடைசி வருடம். கூடப் படிக்கும் இரண்டு பேரோடு சேர்ந்து மூன்று வருடமாக ராத்திரி ராத்திரியாக ஒரு வீடியோ கேம் செய்திருக்கிறான். அதை வெளியிட ஒரு பப்ளிஷர் முன்வந்து, கையெழுத்துப் போடச் சொல்லி ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறார்கள். அப்பாவுக்குப் பெருமையும் பயமும் பாதிப் பாதி. "உரிமை முழுக்க உங்களுக்குத்தான்னு தெளிவா எழுதியிருக்காங்க அண்ணே, அப்புறம் என்ன பயம்?" என்று நாலாவது பக்கத்தைக் காட்டினார். ஆமாம், காப்புரிமை, பெயர், கதாபாத்திரங்கள் எல்லாம் டெவலப்பருக்கே என்று போட்டிருந்தது.

எனக்கு உடனே ஞாபகம் வந்தது ஃப்ராக்வேர்ஸ். அவர்களுக்கும் உரிமை முழுக்க அவர்களுடையதுதான்.

ஷெர்லாக் ஹோம்ஸ் கேம் விளையாடியவர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும். 2000-ல் உக்ரைன் தலைநகர் கீவில் தொடங்கிய ஸ்டூடியோ. 2002-ல் முதல் ஹோம்ஸ் கேமை வெளியிட்டார்கள். அதிலிருந்து இருபது வருடமாக அந்த பேக்கர் தெரு துப்பறிவாளரை விடவே இல்லை. துப்பாக்கிச் சண்டை அதிகம் கிடையாது. தடயம் தேடணும், ஆட்களிடம் பேசணும், யோசிச்சு முடிவு எடுக்கணும். தப்பான ஆளைக் குற்றவாளி என்று சொன்னால்கூட கதை அப்படியே நகர்ந்துவிடும். 2014-ல் வந்த 'கிரைம்ஸ் அண்ட் பனிஷ்மென்ட்ஸ்' இந்த வகையில் எனக்குப் பிடித்தது. பதின்ம வயதுப் பிள்ளைகளோடு சோபாவில் உட்கார்ந்து வாதம் பண்ணிக்கொண்டே விளையாடலாம்.

அந்தக் கேமை வெளியிட்டது ஃபோக்கஸ் ஹோம் இன்டராக்டிவ் என்ற பிரெஞ்சுக் கம்பெனி. பல வருட உறவு. ஒப்பந்தக் காலம் முடிந்தது, 2019-ல் பிரிவு வந்தது. இங்கேதான் சிக்கலே.

ஸ்டீம், பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் மாதிரி ஆன்லைன் கடைகளில் ஒவ்வொரு கேமுக்கும் ஒரு அடையாள எண் உண்டு. விற்பனைப் பக்கம், வாங்கினவர்கள் பட்டியல், ஆயிரக்கணக்கான ரிவ்யூக்கள், 'பிறகு வாங்குகிறேன்' என்று குறித்து வைத்தவர்களின் விஷ்லிஸ்ட் எல்லாம் அந்த எண்ணோடு கட்டப்பட்டவை. அந்த எண் யாருடைய கணக்கில் இருக்கிறதோ அவர்தான் கடைக்காரரின் கண்ணுக்கு முதலாளி. பப்ளிஷர் வழியாக வெளியான கேம் என்றால் அது பப்ளிஷரின் கணக்கில்தான் இருக்கும். நிலத்துக்குப் பட்டா உங்க பேர்ல இருக்கு, ஆனா அதன் மேல இருக்கிற கடையோட சாவி குத்தகைக்காரர் கையில, அந்த மாதிரி.

குத்தகை முடிந்ததும் சாவியைக் கொடுங்க என்று ஃப்ராக்வேர்ஸ் கேட்டது. ஃபோக்கஸ் மறுத்துவிட்டது. தன் பட்டியலிலிருந்து எல்லாக் கேம்களையும் எடுத்துக்கொண்டு போகும் ஸ்டூடியோக்களுக்கு இந்த எண்களை மாற்றித் தருவதில்லை என்ற புதுக் கொள்கையைக் காரணம் காட்டினார்கள் என்று ஃப்ராக்வேர்ஸ் அப்போது பகிரங்கமாகவே சொன்னது. விளைவு, ஹோம்ஸ் கேம்கள் ஒவ்வொன்றாகக் கடைகளிலிருந்து மறைந்தன. தொழிலில் இதற்கு டீலிஸ்டிங் என்று பெயர். நீங்கள் தேடினால் பக்கம் இருக்கலாம், ஆனால் வாங்கும் பட்டன் இருக்காது. பப்ளிஷரின் வேண்டுகோளின்படி இது இப்போது விற்பனையில் இல்லை என்று ஒரு வரி மட்டும் இருக்கும்.

பிறகு ஸ்டூடியோ தன் சொந்தக் கணக்கில் புதிதாகப் பக்கம் திறந்து கேம்களைத் திரும்பக் கொண்டுவர வேண்டியிருந்தது. திறக்கலாம், ஸ்டீமில் ஒரு கேமுக்கு 100 டாலர்தான் கட்டணம். ஆனால் ரிவ்யூ பூஜ்யம், விஷ்லிஸ்ட் பூஜ்யம். ஐந்து வருடம் ஓடின மளிகைக் கடையை மூடிட்டு, எதிர்த் தெருவில் பெயர்ப் பலகைகூடக் காயாமல் திறக்கிற மாதிரி.

இதெல்லாம் முதல் அடி. இரண்டாவது அடிதான் பெரியது.

2019 ஜூன் 27-ல் 'தி சிங்கிங் சிட்டி' வெளியானது. பாட்டு இல்லை, மூழ்கும் நகரம். 1920-களின் அமெரிக்கா, மாசசூசெட்ஸில் ஓக்மான்ட் என்ற கற்பனை ஊர், பாதி வெள்ளத்தில் கிடக்கிறது. அங்கே சார்ல்ஸ் ரீட் என்ற முன்னாள் கடற்படைக்காரர், இப்போது தனியார் துப்பறிவாளர், படகில் தெருத்தெருவாகப் போய் விசாரிக்கிறார். எழுத்தாளர் லவ்கிராஃப்டின் திகில் உலகம். (சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம், சொல்லிட்டேன்.) விற்பனை உரிமையை வாங்கியது இன்னொரு பிரெஞ்சு நிறுவனம், பிக்பென் இன்டராக்டிவ். அதன் கேம் பிரிவுதான் பிறகு நாகான் ஆனது.

கேம் உலகத்துக்கு வெளியே இருப்பவர்களுக்காக இந்தப் பணக் கணக்கை ஒரு நிமிஷம் சொல்லிவிடுகிறேன். இது புரியாமல் சண்டை புரியாது. பப்ளிஷர் முன்பணம் கொடுப்பார், ஆனால் மொத்தமாகக் கொடுக்க மாட்டார். இந்தத் தேதிக்கு இந்த அளவு வேலை முடிந்தால் இவ்வளவு என்று கட்டம் கட்டமாக. அந்தக் கட்டத்துக்கு மைல்ஸ்டோன் என்று பெயர். நம்ம ஊரில் வீடு கட்டும்போது அஸ்திவாரத்துக்கு இவ்வளவு, லின்டலுக்கு இவ்வளவு என்று மேஸ்திரிக்குக் கொடுப்போமே, அதேதான். கேம் விற்க ஆரம்பித்ததும் 100 ரூபாயில் 30 ஸ்டீம் போன்ற கடைக்குப் போய்விடும். மீதி 70-ல் பப்ளிஷர் முதலில் தான் போட்டதை எடுத்துக்கொள்வார். அது முழுக்கத் திரும்பிய பிறகுதான் பல ஒப்பந்தங்களில் டெவலப்பருக்கு ராயல்டி வரும். போட்டது எவ்வளவு, திரும்பியது எவ்வளவு என்ற கணக்குப் புத்தகம் பப்ளிஷரிடம்தான் இருக்கும்.

ஃப்ராக்வேர்ஸ் 2020 ஆகஸ்டில் வெளியிட்ட பகிரங்கக் கடிதத்தின் சாரம் இது: மைல்ஸ்டோன் பணம் திரும்பத் திரும்பத் தாமதமாக வந்தது. கேமின் மூலக் குறியீட்டையே கொடுக்கச் சொல்லி வற்புறுத்தினார்கள். கேம் வெளியான பிறகு, ஏற்கெனவே ஒப்புக்கொண்ட மைல்ஸ்டோன்களைப் பின்தேதியிட்டு ரத்து செய்து, அதனால் ராயல்டியே கிடையாது என்றார்கள். விற்பனைக் கணக்கு சரியாக வரவில்லை. சுமார் 10 லட்சம் யூரோ பாக்கி. இத்தனைக்கும் பிறகு 2020 ஏப்ரலில் ஒப்பந்தத்தை முறித்தோம், கேமைப் பெரும்பாலான கடைகளிலிருந்து இறக்க வேண்டியதாயிற்று.

நாகான் சொன்னது வேறு. கேம் சொன்ன தேதிக்கு வரவில்லை, நாங்கள் தயாரிப்புக்கும் விளம்பரத்துக்குமாக 1 கோடி யூரோவுக்கு மேல் போட்டிருக்கிறோம், பாதிக்கப்பட்டவர் வேஷம் போடுவது சுலபம், ஒப்பந்தத்தை மதித்தால் போதும் என்றார்கள்.

யார் பக்கம் நியாயம்? இணையத்தில் அப்போது எல்லாரும் சின்ன ஸ்டூடியோ பக்கம். எனக்கும் மனசு அந்தப் பக்கம்தான் சாய்ந்தது. ஆனால் அக்டோபர் 2020-ல் பாரிஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம், ஒப்பந்தத்தை ஃப்ராக்வேர்ஸ் முறித்த விதம் வெளிப்படையாகவே சட்டத்துக்குப் புறம்பானது, இப்போதைக்கு ஒப்பந்தம் தொடர வேண்டும் என்று உத்தரவிட்டது. மூல வழக்கின் இறுதித் தீர்ப்பு இல்லை, இடைக்கால ஏற்பாடுதான். இருந்தாலும் கோபத்தில் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வருவதற்கும் சட்டப்படி வெளியே வருவதற்கும் எவ்வளவு தூரம் பாருங்கள். அதுவும் கீவில் உட்கார்ந்துகொண்டு பாரிஸில் வழக்கு.

அதற்கப்புறம் நடந்தது சினிமாவில் வந்தால் நம்ப மாட்டோம். 2021 பிப்ரவரி கடைசியில் 'தி சிங்கிங் சிட்டி' மறுபடி ஸ்டீமில் தோன்றியது. உடனே அதைச் செய்த ஸ்டூடியோவே, இந்த வெர்ஷனை நாங்கள் உருவாக்கவில்லை, வாங்கச் சொல்லிப் பரிந்துரைக்க மாட்டோம் என்று ட்விட்டரில் போட்டது! சொந்தக் கேமை வாங்காதீங்க என்று ஒரு டெவலப்பர் சொல்லி நான் அதுவரை பார்த்ததில்லை. சில நாளில் நீண்ட விளக்கமும் வந்தது. வேறொரு கடையில் விற்ற பிரதியை வாங்கி, அதன் பூட்டை உடைத்து, சில பகுதிகளை மாற்றி, நாகான் தானே ஸ்டீமில் ஏற்றிவிட்டது என்பது அவர்கள் குற்றச்சாட்டு. ஒரு பப்ளிஷர் தான் விற்கும் கேமையே திருட்டுப் பிரதி எடுத்ததாக! நாகான் இதை மறுத்தது. விற்க எங்களுக்கு உரிமை உண்டு, ஸ்டூடியோதான் ஒத்துழைக்கவில்லை என்றது. காப்புரிமைப் புகார் போனதும் ஸ்டீம் மறுபடி விற்பனையை நிறுத்தியது.

நடுவில் மாட்டிக்கொண்டது யார்? காசு கொடுத்து வாங்கினவர்கள். அதே பிப்ரவரியில் பிளேஸ்டேஷன் 5 வெர்ஷனை ஃப்ராக்வேர்ஸ் தானே வெளியிட்டது. ஆனால் பிளேஸ்டேஷன் 4-ல் ஏற்கெனவே வாங்கினவர்களுக்கு இலவச அப்கிரேடு கொடுக்க முடியவில்லை. அந்தப் பழைய வெர்ஷன் வேறொருவர் கணக்கில் இருந்ததே! ஒரே கேம், ஒரே ஸ்டூடியோ, ஒரே டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும் அதே பையன். கடையின் கணக்கில் மட்டும் அது இரண்டு தனித்தனிச் சரக்கு.

இந்த வழக்கு ஓடிக்கொண்டிருக்கும்போதே 2022 பிப்ரவரி 24 வந்தது. ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் நுழைந்தன.

ஸ்டூடியோ ஆட்கள் சிதறிப்போனார்கள். சிலர் நாட்டின் மேற்குப் பகுதிக்கு, சிலர் வெளிநாட்டுக்கு, சிலர் இருந்த இடத்திலேயே. அந்தக் குளிர்காலம் முழுக்க மின் நிலையங்கள் மேல் தாக்குதல். கரன்ட் இருக்கும் மணி நேரத்தில் வேலை, சைரன் அடித்தால் பதுங்குமிடம். பெரிய திட்டங்களை ஒதுக்கி வைத்துவிட்டு, தங்கள் பழைய ஹோம்ஸ் கதை ஒன்றையே புதிதாகச் செய்வது என்று முடிவெடுத்தார்கள். வெறும் ரீமேக் என்றால் கதை கையில் இருக்கிறது, ஆட்கள் பிரிந்திருந்தாலும் சமாளிக்கலாம் என்ற கணக்கு. ரகசியத் திட்டத்துக்கு அவர்கள் வைத்த பெயர் பலியனித்ஸ்யா. உக்ரைனிய ரொட்டி ஒன்றின் பெயர். ரஷ்யர்கள் நாக்கில் அந்தச் சொல் சரியாக வராது என்பதால், யார் நம்ம ஆள், யார் ஊடுருவியவன் என்று கண்டுபிடிக்கப் போர்க்காலத்தில் பயன்பட்ட சொல்.

இதைப் படித்தபோது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. நம்மில் இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 83 ஜூலையில் பஸ்ஸை நிறுத்தி, வாளிக்கான சிங்களச் சொல்லைச் சொல்லச் சொல்லி நாக்கைச் சோதித்த கதையை எத்தனை வீட்டில் பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அங்கே கேட்டவன் யார், இங்கே கேட்பவன் யார் என்பது தலைகீழ். ஆனாலும் ஒரு சொல்லின் மேல் உயிர் தொங்குகிற பயம் ஒன்றுதானே.

அந்தக் கேம் 'ஷெர்லாக் ஹோம்ஸ்: தி அவேக்கண்ட்' என்ற பெயரில் 2023 ஏப்ரலில் வெளியானது. இந்த முறை நடுவில் பப்ளிஷர் கிடையாது. ரசிகர்களிடம் கிக்ஸ்டார்ட்டரில் பணம் திரட்டி, எபிக் நிறுவனத்தின் மானியத்தையும் சேர்த்துக்கொண்டு, சொந்தக் கணக்கிலேயே வெளியிட்டார்கள். 2021 நவம்பரில் வந்த 'சாப்டர் ஒன்' கேமையும் அப்படித்தான் தாங்களே வெளியிட்டிருந்தார்கள்.

2024 தொடக்கத்தில் ஒருவழியாகச் செய்தி வந்தது. 'தி சிங்கிங் சிட்டி'க்கு இனி எல்லாத் தளங்களிலும் ஃப்ராக்வேர்ஸே பப்ளிஷர். கேம் வெளியாகி நாலரை வருடம். ஒரு கேமின் வாழ்நாளில் முக்கால்வாசிச் சம்பாத்தியம் முதல் ஓரிரு வருடத்தில் வந்துவிடும் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்கள் பொதுவாகச் சொல்வது. அந்தக் காலம் முழுக்க கோர்ட்டில் போயிற்று. 2025 மே மாதம் அதையே மெருகேற்றி மறுபடி வெளியிட்டு, முன்பு வாங்கினவர்களுக்கு இலவசமாகவே கொடுத்தார்கள். இரண்டாம் பாகத்தையும் அறிவித்திருக்கிறார்கள். போர் காரணமாக அது தள்ளிப்போனது.

பெரிய பப்ளிஷர் என்றாலே வில்லன் என்று சொல்ல வரவில்லை. அவர்கள் பணம் போடாவிட்டால் பாதிக் கேம்கள் பிறந்தே இருக்காது. பல சமயம் பிரச்சினை பேராசைகூட இல்லை, அலட்சியம்தான். 2024 மார்ச்சில் வார்னர் பிரதர்ஸ், தன் அடல்ட் ஸ்விம் கேம்ஸ் பெயரில் வெளியான சின்னச் சின்னக் கேம்களைக் கடைகளிலிருந்து எடுக்கப் போவதாக டெவலப்பர்களுக்குச் சொன்னது. சரி, எங்கள் கணக்குக்கு மாற்றிக் கொடுங்க என்றார்கள் டெவலப்பர்கள். ஸ்டீமில் அதற்கு வசதி இருக்கிறது. சில கிளிக்குகள்தான், ரிவ்யூ, வாங்கினவர்கள் எல்லாம் அப்படியே கூட வரும். முடியாது என்று பதில். 'ஸ்மால் ரேடியோஸ் பிக் டெலிவிஷன்ஸ்' என்ற அழகான சின்ன கேமைச் செய்த ஓவன் டீரி, போங்கடா என்று தன் கேமை இலவசமாக டவுன்லோடு பண்ணிக்கொள்ளும்படி இணையத்தில் போட்டுவிட்டார். (போங்கடா என்பது என் மொழிபெயர்ப்பு.) சத்தம் பெரிதானது. மே மாதம் வார்னர் மனசு மாறி, பக்கங்களோடு சேர்த்துக் கேம்களை டெவலப்பர்களுக்கே திருப்பித் தர ஆரம்பித்தது. முடியாதது இரண்டே மாதத்தில் முடிந்துவிட்டது!

வாங்குகிற நமக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. டீலிஸ்ட் ஆன கேமை முன்பே வாங்கியிருந்தால் பெரும்பாலும் உங்கள் லைப்ரரியில் அது இருக்கும், மறுபடி டவுன்லோடு செய்யலாம். ஆனால் சர்வரையே மூடிவிட்டால் அதுவும் போச்சு. 2024 மார்ச் 31-ல் 'தி க்ரூ' என்ற கார்ப் பந்தயக் கேமுக்கு அதுதான் நடந்தது, பணம் கொடுத்தவர்களும் விளையாட முடியாமல் போனது. நீங்கள் வாங்குவது கேமை இல்லை, விளையாடும் அனுமதியைத்தான் என்று கடைக்காரர் தெளிவாகச் சொல்லியாக வேண்டும் என்று கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரியிலிருந்து சட்டமே இருக்கிறது. கிறிஸ்மஸுக்குப் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கும்போது அந்தச் சின்ன எழுத்தை ஒரு தடவை படித்துப் பாருங்க.

மறுபடி எங்கள் வீட்டு ஹாலுக்கு வருகிறேன். டீ ஆறிப்போய்விட்டது. பையன் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தான். "அப்போ கையெழுத்துப் போட வேண்டாமா அங்கிள்?" என்றான்.

போடலாம்ப்பா, ஆனா நாலாவது பக்கத்தை மட்டும் பார்த்துட்டுப் போடாதே என்றேன். இரண்டு பேரும் சேர்ந்து மீதிப் பக்கங்களைத் தேடினோம். ஸ்டீம் பக்கம் யார் கணக்கில் திறக்கப்படும் என்று எங்குமே இல்லை. ஏழு வருடம் கழித்து ஒப்பந்தம் முடியும்போது அந்தப் பக்கத்தை மாற்றிக் கொடுப்பார்களா என்றும் இல்லை. மைல்ஸ்டோனை ஒருமுறை ஏற்றுக்கொண்டால் பிறகு ரத்து செய்ய முடியாது என்று இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை விற்பனைக் கணக்கு தருவோம் என்று இருந்தது, ஆனால் அதைச் சரிபார்க்க டெவலப்பருக்கு உரிமை உண்டா என்று இல்லை. பப்ளிஷரையே வேறொரு கம்பெனி வாங்கிவிட்டால் என்ன ஆகும்? அதுவும் இல்லை. வழக்கு வந்தால் எந்த ஊர் நீதிமன்றம் என்பது மட்டும் மிகத் தெளிவாக இருந்தது. அவர்கள் ஊர்.

"இதையெல்லாம் கேட்டா ஆஃபரையே திரும்ப எடுத்துடுவாங்களோ?" என்று அப்பா கேட்டார். நியாயமான பயம்தான். நம்ம ஆட்களுக்குக் கேட்பதே ஒரு கூச்சம், கிடைச்சதே பெரிசுன்னு வாங்கிக்கிற பழக்கம். நான் வக்கீல் இல்லை. இந்தத் தொழில் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் ஒரு மணி நேரம் காசு கொடுத்துக் காட்டச் சொன்னேன். மூன்று வருட ராத்திரிகளுக்கு முன்னால் அந்தக் காசு பெரிசில்லை.

பையன் அன்றைக்கு ராத்திரியே மூன்று நண்பர்களின் பெயரையும் போட்டு மெயில் எழுதிவிட்டான். எனக்கும் காப்பி வந்தது. ஒப்பந்தம் முடிந்தாலோ முறிந்தாலோ 30 நாளுக்குள் எல்லாக் கடைப் பக்கங்களையும் எங்கள் கணக்குக்கு மாற்றித் தர வேண்டும் என்று ஒரே ஒரு வரி சேர்க்க முடியுமா, மற்றதைப் பிறகு பேசலாம் என்று மரியாதையாகக் கேட்டிருந்தான். எங்கள் சட்டப் பிரிவுக்கு அனுப்பியிருக்கிறோம் என்று நாலு நாளில் பதில் வந்ததாம். இதை எழுதும்வரை அடுத்த பதில் வரவில்லை. நண்பர் தினமும் வாக்கிங் போகும்போது எங்கள் வீட்டு முன்னால் நின்று, "அண்ணே, இன்னும் ஒண்ணும் வரல" என்று சொல்லிவிட்டுப் போகிறார். பையன் மட்டும் கேமில் மூன்றாவது லெவலைச் சரி பண்ணிக்கொண்டிருக்கிறான்.